கைப்பிடி விதையும் ஒரு தும்மலும்

விதைப் பரிசோதனைக் கூடத்தில் மின்விசிறி ஓடாது, ஜன்னல் திறக்காது, யாரும் பலமாகச் சிரிக்கக்கூட மாட்டார்கள். புல்விதை அப்படிப்பட்ட பண்டம். மூச்சு விட்டாலே எழுந்து பறக்கும். அந்த இடத்தில், இருபது வருடம் குப்பை கொட்டிய பரிசோதகி, வெள்ளிக்கிழமை கப்பல் ஏறவேண்டிய விதைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, கட்டடமே அதிரும்படி ஒரு தும்மல் போட்டாள்.

மேசைமேல் பரப்பியிருந்த கைப்பிடி விதை அத்தனையும் காலி. அது போகட்டும், மூட்டையிலிருந்து வேறு கைப்பிடி எடுத்துக்கொள்ளலாம். விதிமுறையும் அதைத்தான் சொல்கிறது. சிக்கல் வேறு. தும்முவதற்கு ஒரு நொடி முன்னால் அவள் உருண்டையாக ஒரு கறுப்பு விதையைப் பார்த்திருந்தாள். புல்விதை நீளமாக, வெளிறி இருக்கும். கறுப்பு உருண்டை என்றால் விவசாயிகள் 'விருந்தாளி' என்று பெயர் வைத்த களை. வயலுக்குள் ஒருமுறை நுழைந்தால் கிளம்பவே கிளம்பாது. வாங்கும் நாட்டில் அதற்கு முழுத் தடை. ஒன்றே ஒன்று இருந்தாலும் எல்லா மூட்டையையும் மறுபடி சுத்தம் செய்யவேண்டும், கப்பல் காத்திருக்காது.

இதில் கூத்து என்னவென்றால், அத்தனை மூட்டையும் அவளுடைய கொழுந்தனுடையது. மூட்டைமேல் எண் மட்டும்தான் இருக்கும், யாருடையது என்று பரிசோதகிக்குத் தெரியக்கூடாது. ஆனால் உரியவன் காலையிலிருந்து கண்ணாடிக் கதவுக்கு வெளியே, பிரசவ வார்டு வாசலில் நிற்கும் புருஷன் மாதிரி உலாத்திக்கொண்டிருந்தால் ரகசியம் எங்கே தங்கும்? மாட்டுத் தீவனத்துக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் புல்விதை விற்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று இந்த வருடம்தான் முதல்தடவையாக அவனை விளைவிக்கச் சொல்லியிருந்தது. இந்தக் கப்பலில் விதை போனால் மூன்று வருட ஒப்பந்தம். போகாவிட்டால் அது வரிசையில் நிற்கும் அடுத்த ஆளுக்கு.

புதுக் கைப்பிடியைப் பார்த்தாள். படு சுத்தம். 'களை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் யாரும் கேள்வி கேட்க முடியாது. பேனாதான் நகரவில்லை. கடலுக்கு அக்கரையில் இதே வேலை செய்யும் பெண்மணி ஒருத்தி, விதை இறங்கியதும் மறுபடி பார்ப்பாள். இருவரும் முகம் பார்த்ததில்லை. ஆறு வருடமாக முடிவு மட்டும் ஒத்தே வந்திருக்கிறது. அந்தப் பெண்மணியின் முடிவை நம்பிய அளவுக்குத் தன் வீட்டுக்காரர் பேச்சைக்கூட பரிசோதகி நம்பியதில்லை.

கதவைத் திறந்தாள். "தம்பி, உள்ள வா. ஒரு விதை கீழ விழுந்துடுச்சு. என் முட்டிக்குக் குனிய வராது. தேடு."

"என்ன விதை அண்ணி?"

"விருந்தாளி."

அவன் முகம் செத்துப்போனது. "நிஜமாவே பாத்தீங்களா? தும்மும்போது கண்ணுல பூச்சி பறக்கும்னு சொல்வாங்களே."

"பாத்த மாதிரிதான் இருக்கு. கிடைக்கலைன்னா நான் பாத்தது பூச்சிதான். உன் விதை கப்பல் ஏறும்."

சொல்லி முடித்த பிறகே, யாரிடம் எந்த வேலையைக் கொடுத்தோம் என்று அவளுக்கு உறைத்தது.

அவன் மேசைக்கு அடியில் புகுந்தான். நாலு மாதம் வயலெல்லாம் அந்தக் களையைப் பிடுங்கியவன். கண்ணை மூடிக்கொண்டே அடையாளம் காட்டுவான். கால் மணி நேரம் அவனுடைய பாதங்கள் மட்டும் இங்கும் அங்கும் நகர்ந்தன. பிறகு நின்றுவிட்டன.

"என்ன தம்பி, கிடைச்சுதா?"

கிடைக்கவில்லை என்று சொல்லிவிடேன் என்று அவள் மனசு கெஞ்சியது. அதற்காக அவள் வெட்கமும் பட்டாள்.

தலையெல்லாம் புல்விதையோடு பின்பக்கமாக ஊர்ந்து வெளியே வந்து, உள்ளங்கையை விரித்தான். கறுப்பு, உருண்டை, சந்தேகமே இல்லை.

"வாயில போட்டு முழுங்கிடலாம்னுதான் அண்ணி பாத்தேன். வாய் காஞ்சு போச்சு, இறங்கல."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. இந்த அசட்டுக் கொழுந்தன்மேல் தனக்கு இவ்வளவு பாசமா என்று ஆச்சரியப்பட்டாள். படிவத்தை இழுத்து, களை என்ற கட்டத்தில் பேனாவை வைத்தாள்.

"நம்பர்ல எழுதாதீங்க அண்ணி," என்றான் அவன். "பக்கத்துல எவனாவது ஒரு சைபர் சேத்துடுவான்."

அவள் எழுத்திலேயே எழுதினாள்: ஒன்று மட்டும்.