சப்பராவியும் நிரஞ்சலாவின் நாக்கும்

நிரஞ்சலா உறிஞ்சிய சத்தம் சாப்பாட்டு மண்டபம் முழுக்கக் கேட்டது. சிவப்பு வைனை நாக்கில் உருட்டி, கன்னத்தில் ஒதுக்கி, வாளியில் புளிச்சென்று துப்பினாள். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தொழிற்சாலையின் ருசி பார்க்கும் அறையில் ஆறு வருடம் தேயிலைச் சாயத்தை வைத்து அவள் செய்தது இதைத்தான்.

மேனேஜர் றிச்சர்ட் முகத்தைச் சுளித்தார்.

"என்ன பழக்கம் இது? வெள்ளைக்காரங்க வந்துபோற ஹோட்டல்ல தோட்டத்து லயத்துப் புத்தியக் காட்டுறியா?"

"துப்பினாத்தான் சார் ருசி புடிபடும். தேயிலைக்கும் அப்படித்தான்."

"குசினிக்குப் போ."

போனாள். பழைய துரை பங்களா ஹோட்டலான நாளிலிருந்து அவள் தட்டுக் கழுவுகிறாள். வைன் பரிமாறும் ஆளை இன்று தெரிவு செய்கிறார்கள் என்றதும், ஒரு வாரமாக அந்தப் போத்தலின் துண்டுப் பிரசுரத்தை வரி விடாமல் படித்திருந்தாள். ஜோர்ஜியா நாடு, கக்கெத்தி மாகாணம். தோல் மட்டுமல்லாமல் சதையும் சிவந்த சப்பராவி திராட்சையோடு கபர்னே திராட்சையைக் கலந்து செய்த வைன். அந்த வேலை கிடைத்தால் மேசையருகே நிமிர்ந்து நின்று தன் வாயால் நாலு வார்த்தை பேசலாம். அதற்குத்தான் அத்தனை ஆசையும்.

கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே கதவிடுக்கில் பார்த்தாள். வைனை இறக்குமதி செய்யும் கஜேந்திரன் கொழும்பிலிருந்து வந்து உட்கார்ந்தார். ஒரு வாய் எடுத்தார். அவளைவிட இரண்டு மடங்கு சத்தமாக உறிஞ்சினார். அதே வாளியில் துப்பினார். றிச்சர்ட் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, வாய் துடைக்கத் துணி நீட்டினார்.

நிரஞ்சலாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவர் துப்பினால் வித்தை, இவள் துப்பினால் லயத்துப் புத்தியா? இது எந்த ஊர் நியாயம்?

"இதுக்கு என்ன சாப்பாடு குடுப்பீங்க?" என்று கஜேந்திரன் ஜீவனைக் கேட்டார். ஹோட்டல் கோர்ஸ் முடித்து இரண்டு மாதத்துக்கு முன் சேர்ந்து, அதே வேலைக்குப் போட்டியிட்டவன் ஜீவன்.

"ஆவியில அவிச்ச மீன் சார்."

கஜேந்திரன் கிளாஸைக் கீழே வைத்தார். நிரஞ்சலாவால் பொறுக்க முடியவில்லை. ஈரக் கையோடு வெளியே வந்தாள்.

"மீன் வேணாங்க. இந்தத் துவர்ப்புக்கு மீன் சேந்தா வாயில இரும்பு வாடை அடிக்கும். கடும் சாயத்துல பால் ஊத்தினா துவர்ப்பு அடங்குது இல்லீங்களா, அது மாதிரி இதுக்குக் கொழுப்பு வேணும். சுட்ட ஆட்டிறைச்சி குடுக்கலாம், சீஸ் குடுக்கலாம். இறைச்சி சாப்பிடாதவங்களுக்குக் கத்தரிக்காயை எண்ணெயில வதக்கி, கஜுப் பருப்பு அரைச்சுத் தடவிக் குடுக்கலாம். அந்த நாட்டுல அக்ரூட் பருப்பு அரைச்சு வைப்பாங்களாம்."

கஜேந்திரன் அவளை நிமிர்ந்து பார்த்தார். "சரியாச் சொன்னீங்க," என்றார். றிச்சர்ட்டிடம், "அப்படியே மெனுவுல போடுங்க," என்று சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறினார்.

வாகனம் நமுனுகுலப் பாதையில் திரும்பும்வரை காத்திருந்த றிச்சர்ட், குரலைத் தணித்துக்கொண்டு அவளிடம் வந்தார்.

"நல்லாச் சொன்ன புள்ள. ஆனா மேசைக்கு ஜீவன்தான். இங்கிலீஷ் சரளமா வரும், ஆளும் பார்க்க எடுப்பா இருக்கான். இந்த ருசி வெவகாரத்த மட்டும் நீ அவனுக்குச் சொல்லிக்குடு."

ஜீவன் குறிப்பெடுக்கக் கொப்பியை விரித்தான்.

"சொல்லிக்குடுக்கிற விசயமில்லீங்க சார்," என்றாள் நிரஞ்சலா. "ஆறு வருசம் வாளியில துப்பிட்டு வரச் சொல்லுங்க."