கப்பல் தெரியாத கரை

துறைமுக வாசலைத் தாண்டி வெளியே வந்ததும் வராததுமாக, சாப்பிட்டியா, பஸ்ஸில் தூங்கினியா என்று ஒரு வார்த்தை கேட்காமல், "வா, எங்கயாவது போய் உட்காரலாம்" என்று அவன் பாட்டுக்கு நடக்கத் தொடங்கிவிட்டான். தையல்காரியான அவன் மனைவி பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். சுற்றுலாக் கப்பலின் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் புருஷன் ஒரே ஒரு பகல் கரையிறங்குகிறான் என்று, மகளை நாத்தனாரிடம் விட்டுவிட்டு, ராத்திரி முழுக்கக் குலுங்கிக் குலுங்கி வந்தவள் அவள். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இந்த ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டோடு வந்துவிடுவானா, மாட்டானா? போனில் கேட்கும்போதெல்லாம் "நேர்ல பேசிக்கலாம்" என்றான். இதோ, நேரில் வந்தாயிற்று. உட்காரத்தான் இடமில்லை.

துறைமுகத்தை ஒட்டிய கடற்கரையில் வரிசையாகக் குடைகள், சாய்வு நாற்காலிகள். கையில் கப்பல் பட்டை கட்டியிருக்கும் பயணிகளுக்கு மட்டும்தான் அனுமதியாம். "இவங்க விரிச்சுப் படுத்திருக்கிற துண்டையெல்லாம் துவைச்சதே நான்தாங்க" என்று சொல்லிப் பார்த்தான். காவலாளி நல்ல மனுஷன்தான், சிரித்துவிட்டான். "துண்டு உள்ள இருக்கட்டும் அண்ணே. நீங்க வெளிய நில்லுங்க."

எதிரிலிருந்த காப்பிக் கடையில் ஒரு மேசை காலியாக இருந்தது. ஆனால் மற்ற மேசைகளிலெல்லாம் அவனோடு வேலை பார்ப்பவர்கள். "அண்ணி, வாங்க வாங்க!" என்று ஒருவன் நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் உட்காரப் போனாள். இவன் அவள் பையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, "இங்க ஒரே சத்தம்" என்று வெளியே வந்துவிட்டான். அப்படியொன்றும் சத்தமில்லை. இந்த மனுஷனுக்கு எங்கே போனாலும் இருப்புக் கொள்ளாதே என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கடைசியில் வழி சொன்னவர் ஓர் ஐஸ் லாரி டிரைவர். "அந்த மதிலை ஒட்டியே நேரா போங்க. ரோடு முடிஞ்சாலும் நிக்காதீங்க, மேடு ஏறி இறங்கினா கரை. பொது இடம்தான், யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க. கேக்குறதுக்கு அங்க என்ன இருக்கு?"

உண்மைதான், ஒன்றுமே இல்லை. கடையில்லை, பெஞ்சில்லை, குப்பைத் தொட்டிகூட இல்லை. முட்செடி, கிழிந்த வலை, அப்புறம் மணல், மணல், மணல். துறைமுகத்துப் பக்கம் ஒரு பாறை குறுக்கே நின்று கப்பலை முழுசாக மறைத்திருந்தது. "அப்பாடா!" என்று அவள் பொத்தென்று உட்கார்ந்தாள். இனிமேல் எங்கே ஓடுவான்?

அவன் ஓடினான். உட்கார்ந்த இரண்டாவது நிமிடம் எழுந்து, பாறை முனைவரை போய்க் கப்பலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். மறுபடி உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். "அது உங்களை விட்டுட்டு எங்கயும் போயிடாது, உட்காருங்க" என்றாள். அசட்டுச் சிரிப்போடு செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினான். அலை முழங்காலில் அடித்ததும் அவன் முகம் மாறியது. கல்யாணமான புதிதில் பார்த்த முகம். மகளுக்கென்று சிப்பி பொறுக்கிச் சட்டைப் பையை நிரப்பிக்கொண்டு, அங்கிருந்தே கத்தினான்:

"ஏம்மா, இவ்வளவு நாளா இந்த இடம் தெரியாமப் போச்சே! அடுத்த தடவை கப்பல் வர்றப்ப வாசல்ல காத்துக் கிடக்காத. நேரா இங்க வந்துடு. பாப்பாவையும் கூட்டிட்டு வா!"

சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

"அடுத்த தடவையா?"

அவன் குனிந்து இன்னொரு சிப்பியைத் தேடினான். அலை வந்தது, போனது.

"எப்பக் கையெழுத்துப் போட்டீங்க?"

"போன மாசம்."

காப்பிக் கடையிலிருந்து ஏன் இழுத்துக்கொண்டு வந்தான் என்று இப்போது புரிந்தது. அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. அப்பா வந்துவிடுவார் என்று மகள் வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். இவளும் தெருவில் ஒருவரை விட்டுவைக்கவில்லை.

"பணத்துக்காகவா?"

பணம் என்று சொல்லட்டும், இன்னும் நாலு துணி சேர்த்துத் தைக்கிறேன் என்று சொல்ல அவள் தயாராக இருந்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இல்லம்மா. வீட்டுக்கு வந்தா ஒரு வாரம் நல்லாத்தான் இருக்கு. அப்புறம் கட்டில் ஆடலைன்னா தூக்கமே வரமாட்டேங்குது. பைத்தியம் பிடிச்சிடும்போல இருக்கு. இதை உங்கிட்ட எப்படிச் சொல்றது?"

ஆடுகிற கட்டிலோடு போட்டி போட முடியுமா?

அவன் செல்போன் அலறியது. நேரமாகிவிட்டது. "வா, போகலாம்" என்றான். "நீங்க போங்க" என்றாள். அவன் சிப்பிகளை அவள் பக்கத்தில் கொட்டினான்.

"கப்பல் இந்தப் பக்கமாத்தான் போகும்."

"எங்க நிப்பீங்க?"

"நான் எங்க நிக்கிறது? எங்க இடம் தண்ணி மட்டத்துக்குக் கீழ. ஜன்னல் கிடையாது."

மேட்டில் ஏறும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு ஓடினான்.

வெயில் சாய்ந்தபோது பாறைக்குப் பின்னாலிருந்து கப்பல் வெளியே வந்தது. அம்மாடி, எவ்வளவு பெரிசு! அடுக்கடுக்காகப் பலகணிகள், எல்லாவற்றிலும் மனிதர்கள். கீழே, வட்டக் கண்ணாடிகளெல்லாம் முடிந்த இடத்துக்கும் கீழே, வெறும் வெள்ளை இரும்பு தண்ணீருக்குள் இறங்கிப் போனது. அவள் புடவையோடு இடுப்பளவு கடலில் இறங்கி நின்று, அந்த இரும்பைப் பார்த்துக் கையை ஓங்கிக் கத்தினாள்:

"நான் வரமாட்டேன்! கேக்குதா? அடுத்த தடவை நான் வரமாட்டேன்!"

மேலே இருந்தவர்கள் அவளைப் பார்த்துவிட்டார்கள். யாரோ ஒருவர் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். பிறகு எல்லாப் பலகணிகளிலிருந்தும் சந்தோஷமாக அவளுக்குக் கையசைத்தார்கள்.