கட்-ஆஃப் இல்லாத சீட்

அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்காக எழுதிய எஸ்.ஏ.டி. தேர்வில் டயானா ஆயிரத்து அறுநூறுக்கு ஆயிரத்து ஐநூற்று நாற்பது வாங்கியதுதான் தாமதம், கிளைட்டன் மாமா கோயில் தெரு முனையில் ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார். அதில் அவள் தலைக்குப் பின்னால் விமானம் வேறு. சீட் கிடைத்துவிட்டதா என்று ஒருவரும் கேட்கவில்லை. நம்மூர்க் கணக்கு அப்படி. மார்க் வந்தால் கட்-ஆஃப், கட்-ஆஃப் வந்தால் சீட். நடுவில் ஒருவன் உட்கார்ந்து இவளை எடுக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பான் என்று யாருக்குத் தோன்றும்?

“மாமா, நூறு பேரு போட்டா நாலு பேரத்தான் எடுப்பாங்க. இதே மார்க் வாங்குன எத்தனையோ பேர வேண்டாம்னுருவாங்க” என்று சொல்லிப் பார்த்தாள்.

“ஏளா, சும்மா இரி. இதுக்கு மேல அவனுக்கு என்ன வேணுமாம்?”

அதுதான் அவளுக்கும் தெரியவில்லை. விண்ணப்பத்தில் உன்னைப் பற்றி எழுது என்று கேட்டிருந்தார்கள். எழுதினாள். படித்துச் சொல்ல ஆளில்லை. அம்மா பிலோமினாவுக்கு இங்கிலீஷ் ஓடாது. பள்ளியில் எல்லோரும் நீட் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். அப்பா விக்டர் சரக்குக் கப்பலில் ஃபிட்டர், துறைமுகம் வந்தால்தான் போனில் கிடைப்பார். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் “எப்பம் கெளம்புற? கோட்டு வாங்கிட்டியா?” என்று கேட்டார்கள். சிரித்துச் சிரித்து வாய் வலித்தது. ஊரே கொண்டாடும்போது இவ்வளவு தனியாக இருக்க முடியும் என்று அவள் நினைத்ததே இல்லை.

மார்ச் கடைசியில் ஒரு காலையில் மெயில் வந்தது. வருந்துகிறோம் என்று தொடங்கி வாழ்த்துகிறோம் என்று முடித்திருந்தார்கள். ரொம்ப மரியாதையான கடிதம். காரணம் மட்டும் இல்லை. மூன்று தரம் படித்தாள். அம்மா மீன் வாங்கப் போயிருந்ததால் அழுவதற்கு வீடு காலியாக இருந்தது.

மதியம் சிங்கப்பூரிலிருந்து அப்பா கூப்பிட்டார்.

“என்னம்மா, வந்துச்சா?”

“கெடைக்கலப்பா.”

இன்ஜின் சத்தத்துக்கு மேல் அப்பா குரலை உயர்த்தினார்.

“எத்தன மார்க்கு கொறஞ்சிச்சு?”

“மார்க் கொறையலப்பா. மார்க்கெல்லாம் போதும்தான்.”

“மார்க்கு போதும்னா எதுக்கு வேண்டாம்னானுவ?” அப்பாவின் குரல் உடைந்தது. “நீ என்னம்மா தப்பு செஞ்ச?”

டயானா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இல்லப்பா, நான்தான் சரியாப் பாக்கல. அறுபது மார்க் கொறையுதாம்.”

“அறுபதுதானா!” அப்பா மூச்சு விட்டது இவளுக்குக் கேட்டது. “இதுக்கா அழுத? அடுத்த மட்டம் எடுத்துரலாம்ளா.”

“ஆமாப்பா” என்றாள். அவள் உண்மையைச் சொல்லிக்கொள்வதற்கென்று இருந்த ஒரே ஆளும் அத்தோடு போனார்.