சத்தம் பத்தாத மெஷின்

எங்கள் மகள் இளமதி ராத்திரியில் அழுவதே இல்லை என்று நான் ஊரெல்லாம் பெருமை பேசிக்கொண்டு திரிந்தது இரண்டாயிரத்து ஏழில். குழந்தைக்கு அப்போது ஐந்து மாதம். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்தவள் என்பதால் பார்க்கிறவர்கள் எல்லாம் விசாரிப்பார்கள். "படுத்தா விடிஞ்சுதான் முழிக்கும். அப்படியே என்னை மாதிரி" என்பேன். பக்கத்தில் நிற்கும் என் மனைவி கனகா என்னை ஒரு பார்வை பார்ப்பாள். அவள் கண்கள் எந்நேரமும் சிவந்திருக்கும். பிள்ளை பெற்ற உடம்பு, அசதி இன்னும் தீரவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

என் பெயர் பழமலைநாதன். செராமிக் டிப்ளமோ படித்துவிட்டு, வீட்டுக்குப் பின்னாலேயே ஷெட் போட்டு, மின்பெட்டியில் மாட்டுகிற பீங்கான் ப்யூஸ் கட்டைகள் செய்துவந்தேன். ஷெட்டின் நடுவில் பால் மில். பால் என்றதும் மாட்டை நினைக்க வேண்டாம், இது இங்கிலீஷ் 'பால்', பந்து. அது ஒரு பெரிய இரும்பு உருளை. உள்ளே களிமண்ணும் வெள்ளைக்கல் பொடியும் தண்ணீரும் ஊற்றி, கூடவே கூழாங்கற்களைப் போட்டு மூடிச் சுற்றவிட்டால் எல்லாம் குழம்பாக அரைபடும். கல் உருள்கிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும் என்பார்கள். என் வாலிபம் முழுக்க அதன் பக்கத்தில்தான் கழிந்தது. எனக்கு அது தொந்தரவாகவே இருந்ததில்லை. சொல்லப்போனால் வருஷம் போகப்போக மில் அமைதியாகிக்கொண்டே வந்தது. நான் போட்ட நல்ல பேரிங்தான் காரணம் என்று நினைத்தேன்.

ஷெட்டில் வேலை செய்தவர்களும் என்னிடம் தணிந்த குரலில்தான் பேசினார்கள். முதலாளி மேல் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். டிவியில் சத்தம் சரியாக வரவில்லை என்று கேபிள்காரரிடம் பல தடவை சண்டை போட்டேன். அவரும் வந்து வந்து வயரை மாற்றிவிட்டுப் போனார், பாவம்.

கனகா கருவேப்பிலங்குறிச்சிப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பிரசவ லீவு முடிந்து ஜூனில் வேலைக்குத் திரும்ப வேண்டும். மத்தியானம் வரை குழந்தையைப் பார்த்துக்கொள்ள ராஜாம்பாள் என்ற அம்மா வருவதாக ஏற்பாடு. அதற்கு மேல் கனகா பஸ் ஏறி வந்து சேரும் வரை நான்தான் காவல். ஷெட்டின் தூசி படக்கூடாது என்று குழந்தைக்கு மாடியில், தெருப்பக்கம் பார்த்த அறையை ஒதுக்கியிருந்தோம். அவள் மேலே தூங்குவாள், நான் பின்னால் ஷெட்டில் இருப்பேன்.

"மெட்ராஸ்ல என் ஃப்ரெண்டு வூட்ல பேபி மானிட்டர்னு ஒண்ணு வச்சிருக்காங்க" என்றாள் கனகா ஒரு நாள். "தொட்டில் பக்கத்துல ஒரு பெட்டி, நம்மகிட்ட ஒரு பெட்டி. அங்க அழுதா இங்க தெரியும். உங்கள நம்பி வுட்டுட்டுப் போவணும்னா அது ஒண்ணு வேணும்."

அவள் சொன்னதில் 'நம்பி' என்ற சொல் மட்டும்தான் என் மனசில் தங்கியது.

அதற்குப் பிறகு நான் அந்த விஷயத்தில் நிபுணனாகிவிட்டேன். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்துப் படித்து, எத்தனை அடி தூரம் எடுக்கும், சுவர் குறுக்கே வந்தால் என்னவாகும், கேமரா வைத்ததா, வெறும் சத்தம் மட்டுமா என்று எல்லாம் தெரிந்துகொண்டேன். சூளையில் தீ பார்க்கிற சாமிக்கண்ணுவை நிற்கவைத்து அலைவரிசை பற்றிப் பாடம் நடத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஏதோ சொன்னார். "சரிதான்" என்று தலையாட்டினேன். அவர் அன்றைக்கு லீவு கேட்டிருக்கிறார் என்பது அடுத்த நாள் அவர் வராதபோதுதான் தெரிந்தது.

எங்கள் விருத்தாசலத்தில் அந்தச் சாமான் கிடைக்கவில்லை. பாண்டிச்சேரியில் வெளிநாட்டுக் குழந்தைச் சாமான்கள் விற்கிற ஒரு கடைக்கு மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். கடையில் இருந்த பெண் காவியா, காலேஜ் முடித்த வயசு, நல்ல பொறுமைசாலி. மூன்று மாடல்களை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"டெஸ்ட் பண்ணிப் பாக்கணும்" என்றேன். ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு அவள் கடையின் பின்பக்கம் போய்ப் பேசினாள். நான் இன்னொரு பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, டாக்டர் நாடி பார்ப்பது மாதிரி கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். ஒன்றும் வரவில்லை. சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். கண்ணைத் திறந்தபோது பொம்மை பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பமே திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கனகாவின் தோளில் கிடந்த இளமதி வாயைக் கோணிக்கொண்டு அழத் தயாரானாள்.

"இதுல சத்தம் பத்தலம்மா" என்றேன் காவியாவிடம்.

அவள் என்னைப் பார்த்தாள், கனகாவைப் பார்த்தாள். பிறகு மூன்றாவது மாடலை என் பக்கம் தள்ளி, என் முகத்துக்கு நேராக நின்று நிதானமாகச் சொன்னாள். "சார், இதுல லைட்டும் இருக்குது. பாப்பா லேசா அழுதா பச்சை எரியும். ரொம்ப அழுதா ஒவ்வொண்ணா ஏறி செவப்பு வரைக்கும் போவும். சத்தமே தேவையில்ல. தூரத்துல இருந்து பாத்தாலே தெரிஞ்சிடும்."

"இதையே வாங்கலாங்க" என்றாள் கனகா.

"நமக்கு வேண்டியது சத்தம். சீரியல் செட்டு போட இது என்ன தேர்த்திருவிழாவா?" என்று சொல்லிவிட்டு, இருப்பதிலேயே பெரிய ஸ்பீக்கர் வைத்த மாடலைத் தேர்ந்தெடுத்தேன். அதில் விளக்கு என்று எதுவும் கிடையாது. திரும்பி வரும்போது பண்ருட்டி வரைக்கும் கனகா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். விலையை நினைத்து வருத்தப்படுகிறாள் என்று எண்ணி, நல்ல பொருளுக்குக் கொடுத்தால் தப்பில்லை என்று ஆறுதல் சொன்னேன்.

பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரம். மத்தியானம் ராஜாம்பாள் கிளம்பிப் போனதும், பாலைக் குடித்து மேலே தூங்குகிற மகளைப் பார்த்துவிட்டு ஷெட்டுக்கு வந்தேன். பெட்டியை என் தலைக்குப் பக்கத்தில் அலமாரித் தட்டில் வைத்து, சத்தத்தை முழுசாகத் திருகிவிட்டேன். மில்லை நிறுத்திக் குழம்பை வடித்தாகிவிட்டது. சாமிக்கண்ணு டீ குடிக்கப் போயிருந்தார். நான் உட்கார்ந்து காய்ந்த கட்டைகளின் பிசிறை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளை இப்படித் தூங்கினால் ஒரு லோடு வேலையை முடித்துவிடலாம் என்று சந்தோஷமாக இருந்தது. டியூப்லைட்டிலிருந்து சோக்கு இரைகிற மாதிரி மெலிசாக ஏதோ கேட்டது. சோக்கை மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

யாரோ என் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். திரும்பினால் பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாள். கொல்லையில் துணி எடுக்க வந்தவர், ஈரப் புடவையைத் தோளில் போட்டபடியே ஓடிவந்திருக்கிறார். அவர் வாய் அசைந்த வேகத்தில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அலமாரியைக் காட்டினார். மாடியைக் காட்டினார். அப்புறம் தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார்.

நானும் பின்னால் ஓடினேன். மாடி அறையில் இளமதி முகமெல்லாம் சிவந்து, தலைமுடி வேர்வையில் ஒட்டி, கால்களை உதைத்துக்கொண்டு கிடந்தாள். எவ்வளவு நேரமாக அழுதாளோ, குரல் கம்மிப்போயிருந்தது. கொளஞ்சியம்மாள் தூக்கித் தோளில் போட்டுத் தட்டினார்.

"மெஷின் ரிப்பேருங்க" என்றேன். "புது மெஷின், அதுக்குள்ள கெட்டுப்போச்சு."

கொளஞ்சியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரிப்பேரா? என் வூட்டுக் கொல்லை வரைக்கும் அதுல கத்துது தம்பி. நான் உன் ஷெட்டுக்குள்ளதான் புள்ள அழுவுதுன்னு வந்தேன்."

நான் விடவில்லை. டிப்ளமோ படித்தவன் சோதனை செய்யாமல் எதையும் ஒப்புக்கொள்ளக்கூடாது அல்லவா. குழந்தை தேம்பல் அடங்கியதும், "நீங்க இங்கயே இருந்து எதையாவது பேசுங்க, நான் கீழ போயிக் கேக்குறேன்" என்று சொல்லிவிட்டு ஷெட்டுக்கு வந்தேன். சாமிக்கண்ணு திரும்பி வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். பெட்டியை எடுத்துக் காதில் வைத்தேன். கொசு பறக்கிற மாதிரி ஒரு இரைச்சல். சாமிக்கண்ணுவோ தூரத்தில் நின்றபடியே தலையைக் குனிந்துகொண்டார்.

"உனக்குக் கேக்குதா சாமிக்கண்ணு?"

"கேக்குதுங்க."

"என்ன சொல்றாங்க?"

அவர் தயங்கினார். "பாப்பாவ கொஞ்சுறாங்கண்ணே."

"சொல்றத அப்படியே சொல்லு."

"அது... இந்தச் செவுட்டு மனுசன நம்பி உன்ன வுட்டுட்டுப் போயிருக்காளே உங்கம்மா, அவளச் சொல்லணும்... அப்படின்றாங்க." அதோடு நிறுத்தவில்லை அவர். "நாங்க எல்லாரும் உங்ககிட்ட கத்தித்தாங்க பேசுறோம். உங்களுக்குத் தெரியாதுங்களா?"

நான் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷமாக எல்லார் வாயையும் இப்படித்தான் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. பெட்டியை அணைத்துத் தட்டில் வைத்துவிட்டு, காய்ந்த கட்டைகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு உடைந்தன. உடைந்த சத்தமும் கேட்கவில்லை.

சாயங்காலம் கனகா வந்ததும் நடந்ததைச் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. மறைத்தாலும் கொளஞ்சியம்மாள் தெருமுனையிலேயே அவளை நிறுத்திச் சொல்லியிருப்பார். கனகா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் அதன் காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னேன். எத்தனையோ தடவை சொன்னேன். உங்களுக்குக் கேக்கல."

அவள் கேலி செய்யவில்லை. இருந்ததை இருந்தபடி சொன்னாள். பிறகு என் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, "சத்தமா சொன்னா சண்டைக்கு வந்தீங்க. ஏன் கத்துறன்னு. மெதுவா சொன்னா தலையாட்டினீங்க. அதான் மெஷினாவது வாங்கிடலாம்னு பாத்தேன். லைட்டு வச்சது வாங்கிட்டா உங்ககிட்ட ஒண்ணும் சொல்லாமயே காரியம் நடந்துடும்னு நெனச்சேன்" என்றாள்.

"ராத்திரி புள்ள அழுவுதா?"

"மூணு தடவையாவது எழுந்திரிக்கிறா."

இத்தனை நாள் ஊரெல்லாம் நான் பேசிய பெருமையை நினைத்தேன். டீக்கடையில் அதைக் கேட்டுத் தலையாட்டியவர்களில் பாதிப் பேர் எங்கள் தெருக்காரர்கள். அவர்கள் தூக்கமும் என் மகளால் கெட்டிருக்கும். ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை. ஒருவேளை பேசினார்களோ என்னவோ.

சனிக்கிழமை மறுபடி பாண்டிச்சேரி போனோம். பெட்டியை நீட்டி, லைட்டு வைத்த மாடலாக மாற்றித் தரும்படி கேட்டேன். காவியா என்ன குறை என்று கேட்டாள். "குறை மெஷின்ல இல்லம்மா" என்றேன். அவள் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் மாற்றிக் கொடுத்தாள். அங்கிருந்து நேராகக் காது டாக்டரிடம் போனோம். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். பரீட்சையில் பிட்டு அடிக்கிறவன் மாதிரி நான் வெளியே இருந்த நர்ஸின் கையைப் பார்த்துப் பார்த்து அமுக்கினேன். டாக்டர் எழுந்து வந்து என் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டார்.

இரைச்சல் பக்கத்திலேயே இருந்து வேலை செய்கிறவர்களுக்கு கீச்சென்ற உயர்ந்த சத்தம்தான் முதலில் போகும், போனது திரும்பாது, காதில் மெஷின் வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம் என்றார். அளவெடுத்தார்கள். வந்து சேரச் சில வாரம் ஆகும் என்றார்கள். ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக மில்லைச் சுற்றிச் செங்கல் சுவர் எழுப்பி, சாமிக்கண்ணுவுக்கும் மற்றவர்களுக்கும் காதில் மாட்டுகிற மூடிகள் வாங்கிக் கொடுத்தேன். அதை மாட்டிக்கொண்டு அவர்கள் என்னிடம் "என்னாங்க?" என்று கேட்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் இருந்தது.

காது மெஷின் வரும் வரைக்கும் லைட்டுகள்தான் எனக்குக் காது. ஷெட்டில் எங்கே உட்கார்ந்தாலும் பெட்டியைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டேன். ஒரு பச்சை என்றால் புரண்டு படுக்கிறாள். மூன்றாவது எரிந்தால் நான் செருப்பைத் தேட ஆரம்பிப்பேன். சிவப்பு வருவதற்குள் மாடியில் நிற்பேன். தும்மினால்கூட ஓடினேன். கொளஞ்சியம்மாள் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து, "தம்பி, அது கொட்டாவி விட்டுச்சு, உக்காரு" என்று கைஜாடை காட்டுவார்.

ஒரு நாள் மத்தியானம் பச்சை விளக்குகள் இரண்டு மட்டும் விட்டுவிட்டு எரிந்துகொண்டே இருந்தன. மேலே ஏறவும் இல்லை, அணையவும் இல்லை. இந்தக் கணக்கு எனக்குப் புதிது. சந்தேகத்தோடு மேலே போய்ப் பார்த்தேன். இளமதி தொட்டிலில் மல்லாந்து படுத்து, சுற்றுகிற ஃபேனைப் பார்த்து வாயை அசைத்துக்கொண்டிருந்தாள். அழுகை இல்லை. உதடு குவிகிறது, விரிகிறது, எச்சில் குமிழி விடுகிறது, புருவம் உயர்கிறது. ஃபேனிடம் ஏதோ நியாயம் கேட்கிற தோரணை. எனக்கு ஒரு எழுத்தும் கேட்கவில்லை.

குனிந்து அவள் வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்தேன். சூடான மூச்சு மட்டும் பட்டது. அவள் பேச்சை நிறுத்தவில்லை. ஒரு கையால் என் காதைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, ஃபேனை விட்டுவிட்டு என்னிடம் சொல்ல ஆரம்பித்தாள். முதுகு வலிக்கும் வரை அப்படியே குனிந்து நின்றேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த கனகா வாசல்படியில் நின்று எங்களைப் பார்த்தாள். நான் நிமிர்ந்து அவள் வாயைப் பார்த்தேன்.

"என்ன சொல்றா உங்க பொண்ணு?"

வழக்கமாக இந்த இடத்தில் நான் எதையாவது கற்பனை செய்து சொல்லியிருப்பேன்.

"எனக்குக் கேக்கல" என்றேன். "நீ வந்து கேட்டுச் சொல்லு."

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.