நாலு கட்டை, ஆறு வோல்ட்

ஒரு ரேடியோவுக்கு நாலு பேட்டரி கட்டை வாங்க ஒரு மனுஷனுக்கு எத்தனை நாள் வேண்டும்? விஞ்ஞானிக்கு ஐந்து நாள் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தவன் வியாழக்கிழமை சாயங்காலம்தான் கடைப் படியை மிதித்தான். நடுவில் அவன் படித்தது, பேசியது, கைபேசியில் பார்த்தது எல்லாம் பேட்டரிதான். சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு ஒருத்தன் மில்லி ஆம்பியரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? அவனுடைய அக்காவுக்கு வரவில்லை. அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை.

விஞ்ஞானி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, அக்கா புருஷன் வைத்தது. ஆள் லிப்ட் மெக்கானிக். அக்காவோடு அவன் குடியிருந்த ஆறு மாடிக் கட்டடத்தின் லிப்ட்டும் அவன் பொறுப்புதான். மூன்று வருஷத்துக்கு முன்னால், அத்தானுடைய ரேடியோவில் லேசாகக் கரகரப்பு இருக்கிறதென்று கேட்காமல் கொள்ளாமல் அதைத் திறந்து, முள்ளை நகர்த்துகிற நூலை அறுத்து வைத்தான். அத்தான் ஒரு வாரம் உட்கார்ந்து புது நூல் கோத்தார். "நீ கை வைக்காத வரைக்கும் எல்லாம் நல்லாத்தான்டா ஓடுது, விஞ்ஞானி" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இவனுக்குத்தான் சுருக்கென்றது. அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்டான். அத்தான் கப்பலுக்குக் கிளம்பிய அன்றைக்கும் எங்கோ லிப்ட் மாட்டிக்கொண்டது என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தான்.

அத்தான் சரக்குக் கப்பலில் சமையல்காரர். அந்தக் கப்பலை நடுக்கடலில் ஆயுதக்காரர்கள் மடக்கிப் பிடித்து எட்டு மாதம் ஆகிறது. கம்பெனிக்குப் போன் போட்டால் பேச்சுவார்த்தை நடக்கிறது என்பார்கள். எப்போது கேட்டாலும் அதே பதில், அதே குரல்.

மிச்சமிருந்தது ஒரே ஒரு வழி. கப்பல் ஆட்களுக்கு உதவுகிற ஒரு சின்னச் சங்கம், பிடிபட்டவர்கள் எழுதும் துண்டுச் சீட்டுகளை யார் யாரையோ பிடித்து வாங்கி, சனிக்கிழமை தோறும் மாலை ஆறு பத்துக்குச் ரேடியோவின் சிற்றலை வரிசையில் வாசிக்கும். மொத்தமே பத்து நிமிஷம். ஆள் பெயர் சொல்ல மாட்டார்கள். கப்பல் பெயர், பார்க்கிற வேலை, யாருக்கு எழுதியது, அவ்வளவுதான். எழுத்தில் எங்கேயும் போடுவதில்லை, போனில் கேட்டாலும் சொல்வதில்லை, கடைசித் தடவை வாசித்ததும் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். இல்லாவிட்டால் சீட்டைக் கடத்தி வருகிறவன் தலை போய்விடுமாம். ஒவ்வொரு சேதியையும் அடுத்தடுத்து இரண்டு சனிக்கிழமை வாசிப்பார்கள். அதோடு தீர்ந்தது.

அக்கா எட்டு மாதமும் ஒரு சனிக்கிழமை விடவில்லை. வீட்டுக்குள் அந்த ரேடியோ வெறும் இரைச்சல்தான் கொடுக்கும், ஆகவே மொட்டை மாடிக்கு எடுத்துப் போவாள். மாடியிலும் ஒரு தொல்லை இருந்தது. லிப்ட் மோட்டார் அங்கேதான் ஒரு சின்ன அறைக்குள் இருக்கிறது, அது சுற்றினால் சிற்றலை நாசம். அதனால் விஞ்ஞானி ஆறு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது லிப்ட்டை நிறுத்தி, கீழே "பராமரிப்பு" என்று ஒரு அட்டையைத் தொங்கவிட்டுவிடுவான். ஐந்தாவது மாடிப் பல் டாக்டர் அம்மா, வாராவாரம் பராமரித்தும் இந்த லிப்ட் இவ்வளவு லட்சணமாக ஓடுகிறதே என்று மூச்சு வாங்கிக்கொண்டே கேட்பார். இவன் காதில் வாங்கினால்தானே.

மாடியில் அக்கா சுவரோரம் உட்கார்ந்து, மடியில் ஒரு நோட்டை விரித்துக்கொள்வாள். தன் வீட்டுச் சேதி வரவில்லையே என்று அவள் சும்மா இருந்ததில்லை. யாருடைய சேதி வந்தாலும் பென்சிலால் எழுதி வைப்பாள். ஊரார் கடிதாசியெல்லாம் உனக்கு எதுக்கு என்று தம்பி கேலி பண்ணிப் பார்த்தான். அவள் பக்கத்தைத் திருப்பி எழுதிக்கொண்டே போனாள். எட்டு மாதத்தில் நோட்டு பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது.

போன சனிக்கிழமைதான் அந்தக் கப்பலின் பெயர் வந்தது. "சமையல்காரர் தன் மனைவிக்கு எழுதியது" என்று வாசிக்கிற பெண் சொன்னாள். அக்காவின் கையிலிருந்து பென்சில் விழுந்தது. "நான்" என்று அடுத்த வார்த்தை வந்தது, ரேடியோ செத்தது. சும்மா அணைந்தது, ஒரு கரகரப்புக்கூட இல்லை. உள்ளே இருந்தவை அத்தான் வாங்கி வைத்த பழைய நிக்கல் கட்டைகள், ஏழெட்டு வருஷம் உழைத்தவை, அன்றோடு சார்ஜ் ஏற மறுத்துவிட்டன. ஆள் உயிரோடு இருக்கிறார், நான் என்று எழுதியிருக்கிறார். அதற்கு மேல் என்ன எழுதினார்? காய்ச்சலா, காலா கையா, விடப்போகிறார்களா, காத்திருக்காதே என்கிறாரா? ஒரு வாரமாக அந்த "நான்" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அக்கா உலையில் அரிசி போட மறந்து, போட்ட அரிசியை இறக்க மறந்து நடமாடினாள்.

பழையபடியே நாலு நிக்கல் கட்டை வாங்கிப் போட்டிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். அக்கா அதைத்தான் சொன்னாள். "இருந்த மாதிரியே வாங்கிட்டு வாடா, போதும்" என்றாள். கடையில் கிடைக்கிற சாதாரணக் கட்டை அவளுக்கு வேண்டாம். ஒரு தடவை அது உள்ளே கசிந்து கம்பியை அரித்துவிட்டது, அதனால் அத்தான் மூடிக்குள் "சார்ஜ் ஏத்துற கட்டை மட்டும்" என்று தன் கையெழுத்தில் ஒட்டி வைத்திருந்தார். விஞ்ஞானிக்கு நிக்கல் என்றாலே இளக்காரம். ஒன்று ஒன்றே கால் வோல்ட்டைத் தாண்டாது, நாலு சேர்ந்தாலும் ஐந்தைத் தாண்டாது, ரேடியோ கேட்பது ஆறு, பட்டினி போட்டால் எந்த மிஷின்தான் வேலை செய்யும் என்று ஒரு பிரசங்கமே பண்ணினான். லித்தியத்தில் ஒரு புது ரகம் வந்திருக்கிறது, முதலிலிருந்து கடைசிவரை ஒன்றரை வோல்ட்டில் ஆடாமல் அசையாமல் நிற்கும், நாலு போட்டால் முழுசாக ஆறு. இந்தத் தடவை நடுவில் சாகிற பேச்சே இல்லை என்றான். உள்ளுக்குள் ஓடியது வேறு. அத்தான் திரும்பி வந்து ரேடியோவைத் திறக்கும்போது உள்ளே தன் கட்டைகள் இருக்க வேண்டும், அதைப் பார்த்து அவர் வாயடைத்துப் போக வேண்டும்.

கடைக்காரப் பெண் கட்டைகளை எடுத்து வைத்துவிட்டு எதுக்கு என்று கேட்டாள். ரேடியோவுக்கு என்றான். ஒருத்தர் ரேடியோவுக்கு ஒத்து வரவில்லை என்று இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார் என்றாள். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லையே படுபாவி! இருபது வருஷமாக மோட்டாரோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு இவள் சொல்லித் தருவதா என்ற எண்ணம். வீட்டுக்கு வந்து சார்ஜ் ஏற்றி, மீட்டர் வைத்துப் பார்த்தான். நாலும் ஒன்றரை, இம்மி குறையவில்லை. ரேடியோவில் போட்டு எஃப்எம் வைத்தான். கணீரென்று பாடியது. வீட்டுக்குள் சிற்றலை எப்படியும் இரைச்சல்தானே, அதைப் போட்டுப் பார்த்து என்ன ஆகப் போகிறது என்று விட்டுவிட்டான். மாடிக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாமா என்றதற்கு அக்கா வேண்டாம் என்றாள். அந்தப் பத்து நிமிஷம் தவிர ரேடியோவைத் தொடக் கூடாது, சார்ஜ் வீணாகும் என்பது எட்டு மாதமாக அந்த வீட்டில் இருந்த சட்டம்.

சனிக்கிழமை வந்தது. லிப்ட் நின்றது, அட்டை தொங்கியது. அக்கா புதுப் பென்சிலும், அது ஒடிந்தால் என்ன செய்வது என்று இன்னொரு பென்சிலும் வைத்திருந்தாள். சரியாக ஆறு பத்துக்கு விஞ்ஞானி திருகியைத் திருப்பினான்.

ஙொய்யென்று ஒரு சத்தம். அதற்கு அடியில், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, ஒரு பெண் குரல். குரல் என்று தெரிகிறது, என்ன வார்த்தை என்று தெரியவில்லை.

முதலில் லிப்ட்டைத்தான் சந்தேகப்பட்டான். மோட்டார் அறைக்கு ஓடிப் பார்த்தான், மோட்டார் சில்லென்று கிடந்தது. தண்ணீர்த் தொட்டி பம்ப்பைப் பார்த்தான், அதுவும் ஓடவில்லை. தன் கைபேசியை அணைத்து மாடியின் அந்தக் கோடியில் கொண்டுபோய் வைத்தான். ரேடியோவைத் தூக்கிக்கொண்டு நாலு மூலையும் நடந்தான், அக்கா நோட்டோடு பின்னாலேயே நடந்தாள். எங்கே போனாலும் சத்தம் கூடவே வந்தது, கூடவுமில்லை குறையவுமில்லை.

"என்னடா இது?" என்றாள் அக்கா.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அந்தச் சத்தத்தை அவன் தினமும் கேட்கிறான். புது லிப்ட்டுகளில் மின்சாரத்தைத் துண்டு துண்டாக வெட்டி மோட்டாருக்குக் கொடுக்கிற பெட்டி போடுகிற சத்தம் அது. இந்தக் கட்டை ஒவ்வொன்றுக்குள்ளும் அதே மாதிரி குட்டியாக ஒரு பெட்டி இருக்க வேண்டும். லித்தியத்தைச் சும்மா ஒன்றரை வோல்ட்டில் நிறுத்த முடியாது, வெட்டி வெட்டித்தான் நிறுத்த முடியும். உள்ளூரிலிருந்து வருகிற எஃப்எம்முக்கு அது உறைக்காது, கடல் தாண்டி வருகிற சிற்றலை அதில் மூழ்கிவிடும். சத்தம் வரக் கூடாதென்று கட்டடத்தையே நிறுத்தி வைத்தவன், சத்தத்தைத் தன் கையாலேயே தேடிப் பிடித்து வாங்கி ரேடியோவின் வயிற்றுக்குள் வைத்திருக்கிறான்.

"அக்கா, கட்டைதான். கட்டைதான்க்கா" என்றவன் படிக்கட்டுக்கு ஓடினான். வீடு இரண்டாவது மாடியில். லிப்ட்டைப் போட்டால் அரை நிமிஷம்தான், ஆனால் அது ஓடினால் அக்காவுக்கு இப்போது கேட்கிற அந்தக் கிணற்றுக் குரலும் போய்விடும். மூன்று மூன்று படியாகத் தாவினான். சுவர்க் கடிகாரத்தைப் பிடுங்கி அதிலிருந்து ஒன்று, அலாரம் கடிகாரத்திலிருந்து ஒன்று. டிவி ரிமோட்டைத் திறந்தால் உள்ளே இருந்தவை ஒல்லிக் கட்டைகள், பொருந்தாது. சமையலறை அலமாரியைக் கவிழ்த்தான். அடியில் ஒரு பழைய டார்ச் லைட், அதில் இரண்டு. அரித்திருக்கிறதா, உயிர் இருக்கிறதா என்று பார்க்க நேரமில்லை. மேலே ஓடும்போது நாலாவது மாடியில் படி தடுக்கி விழுந்தான், ஒரு கட்டை உருண்டு கீழே போயிற்று. அதைத் துரத்திப் பிடித்துக்கொண்டு மறுபடியும் ஏறினான். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, துடைக்கக் கை காலியில்லை.

அக்கா ரேடியோவைக் காதோடு அழுத்திப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். பென்சில் நோட்டின் மேல் நின்றபடி இருந்தது. பக்கத்தின் மேலே கப்பல் பெயர், அதற்குக் கீழே "நான்". அதன் பிறகு ஒன்றுமில்லை.

அவன் மூடியைத் திறந்தான். அத்தானின் கையெழுத்துச் சீட்டு கண்ணில் பட்டது, பார்க்காத மாதிரி கட்டைகளை மாற்றினான். ரேடியோ உயிர் பெற்றது. என்ன சுத்தம்! பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி அந்தப் பெண் குரல் வந்தது. வேறு ஒரு கப்பலின் பெயரைச் சொல்லி, "இன்ஜின் அறையில் எண்ணெய் போடுபவர் தன் தாய்க்கு எழுதியது" என்றாள். "கால் புண் ஆறிவிட்டது அம்மா. இப்போது நடக்கிறேன். என் சைக்கிளை யாருக்கும் கொடுத்துவிடாதே. தினமும் உன்னை நினைக்கிறேன்." ஒரு எழுத்துச் சிந்தவில்லை. பிறகு இத்துடன் இந்த வாரம் முடிகிறது என்றாள், ஒரு சின்ன இசை வந்தது, நின்றது.

விஞ்ஞானி தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். அக்கா திட்டட்டும், அடிக்கட்டும், அந்த ரேடியோவைத் தூக்கித் தன் மண்டையில் போடட்டும் என்று காத்திருந்தான். அவள் எழுதிக்கொண்டிருந்தாள். கால் புண், சைக்கிள், தினமும். முற்றுப்புள்ளி வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"என்னை ஏதாவது சொல்லுக்கா" என்றான்.

"இந்தப் பையனோட அம்மா கேட்டிருப்பாங்களாடா?"

"கேட்டிருப்பாங்கக்கா."

"கேக்கலைன்னா இது எங்கிட்ட இருக்குன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். எட்டு மாதத்துச் சேதிகள், யார் யாருடைய பிள்ளைகளோ, புருஷன்மாரோ. ஒன்றிலும் ஆள் பெயர் இல்லை, ஊர்ப் பெயர் இல்லை, கொண்டுபோய்க் கொடுக்க ஒரு வாசல் இல்லை.

"நம்மளதையும் எங்கேயாவது யாராவது இந்த மாதிரி எழுதி வச்சிருப்பாங்க" என்றாள். "இல்லடா?"

கீழே நாலாவது மாடியில் யாரோ லிப்ட் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். விஞ்ஞானி ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தான், அழுகைதான் வந்தது. அக்கா அவன் முதுகில் ஒரு கையை வைத்தாள். இன்னொரு கையால் ரேடியோவை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"அணைச்சிடுடா" என்றாள். "கட்டை வீணாப் போகுது."