ஓரம் போ நோவே

கட்டுமரத்தைக் கரையேற்றும்போது அலை அதைத் தூக்கித் துரையின் மேல் போட்டது. தொடை எலும்பு முறிந்துவிட்டது. மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி, அவனைப் படுக்கவைத்துச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மாவுக்கட்டுப் போட்டு, மாதக்கணக்கில் கிடத்தி, ஒரு வழியாகக் கட்டைப் பிரித்த டாக்டர், "எலும்பு சேர்ந்தாச்சு. இனிமேல் என் கையில் ஒன்றும் இல்லை. தினமும் காலை மடக்கி நீட்டு, எழுந்து நில், நட. வலிக்கத்தான் செய்யும். வலிக்குப் பயந்து படுத்தே கிடந்தால் கால் விறைத்துப்போய்விடும்" என்று சொல்லி அனுப்பினார்.

துரை சுறாவுக்குப் பயப்படாதவன், புயலுக்குப் பயப்படாதவன். வேறு யாரும் சொல்லாததால் அவனே இதைச் சொல்லிக்கொள்வான். ஆனால் அந்தத் தொடை வலிக்குப் பயந்துவிட்டான். பாயில் படுத்து முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டவன், சோறு என்றால் மட்டும் இந்தப் பக்கம் திரும்பினான்.

அவன் பெண்டாட்டி மேரிக்குத் திரும்பிப் படுக்க நேரம் ஏது? விடியலில் கரைக்குப் போய், மற்றவர்கள் கட்டுமரத்தில் வந்த மீனை வாங்கி, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு புதுப்பட்டினத்துக்கு நடப்பாள். விற்றுத் திரும்பி வந்து உலை வைப்பாள். பிறகு புருஷனோடு மல்லுக்கு நிற்பாள். தாய்வீட்டுக்குப் போய் நாலு நாள் காலை நீட்டி உட்காரலாம் என்றால் அந்த வாசல் அடைத்துப் பல வருஷம் ஆகிறது. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் வண்டி ஓட்டும் திருவேங்கடத்தின் மூன்றாவது பெண் அவள். அதுவும் பெண்ணா என்ற சலிப்பில் அப்பா வைத்த பெயர் வேண்டா. கருவாட்டு மூட்டை ஏற்றக் கடற்கரைக்கு வந்த அப்பாவோடு வண்டியில் ஒருநாள் அவளும் வந்தாள், துரையைப் பார்த்தாள், அப்புறம் ஞானஸ்நானம் வாங்கி மேரி ஆனாள். பிறந்தபோதே வேண்டாம் என்று சொன்ன மனிதர், இதற்குப் பிறகு வேண்டும் என்றா சொல்லப்போகிறார்?

எங்கள் குப்பத்தில் ஓலை வேய்ந்த சிறிய மாதா கோயில் உண்டு. சாமியார் செங்கல்பட்டிலிருந்து எப்போதாவதுதான் வருவார். மற்ற நாளெல்லாம் ஜெபம் நடத்துகிற உபதேசியார் இன்னாசிமுத்துவின் ராஜ்யம். இன்னாசிமுத்து நல்ல மனிதர், ஆனால் லத்தீன் தெரிந்த மனிதர். ஒரு வெள்ளைக்காரச் சாமியாரிடம் பாடம் கேட்டவர் என்பதால், அர்ச்சிஷ்டவர்கள் என்கிற புனிதர்களின் பிரார்த்தனையைத் தமிழில் சொன்னால் கனம் குறைவு என்று அவருக்கு ஒரு எண்ணம். சனிக்கிழமை சாயங்காலம் அதை லத்தீனில்தான் பாடுவார். அவர் ஒவ்வொரு அர்ச்சிஷ்டவர் பெயராகச் சொல்ல, ஜனங்கள் ஒவ்வொன்றுக்கும் "ஓரா ப்ரோ நோபிஸ்" என்று பதில் சொல்ல வேண்டும். எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று அர்த்தம். யாருக்கும் அவர் அர்த்தம் சொல்லிவைக்கவில்லை. கேட்டவர்களும் இல்லை.

வண்டிக்காரர் மகள் காதில் அது "ஓரம் போ நோவே" என்று விழுந்தது. தெருவில் குறுக்கே நிற்கிறவர்களைப் பார்த்து அப்பா போட்ட அதே சத்தம்! நோவைப் பார்த்து ஓரம் போ என்று அதட்டும்படி இவ்வளவு தெளிவாக ஒரு ஜெபம் இருப்பதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. மற்ற நாளில் சொல்லும் தமிழ் ஜெபங்கள் பாவத்துக்கு, சனிக்கிழமை ஜெபம் உடம்பு நோவுக்கு என்று அவளே பிரித்துவைத்துக்கொண்டாள்.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் அந்த வீட்டில் ஒரே அமளி. மேரி புன்னை எண்ணெயைத் தேய்த்து, துரையின் காலைப் பிடித்து மடக்குவாள். "சாந்தா மரியா! ஓரம் போ நோவே!" என்று கத்துவாள். துரை "ஐயோ" என்று அலறுவான். "சாந்தே பேத்ரே! ஓரம் போ நோவே!" என்று அதைவிடச் சத்தமாகக் கத்திக் காலை நீட்டுவாள்.

"உன் ஜெபத்தால எனக்குக் காதும் போயிடும் போலகீதுமே" என்பான் துரை.

"போனா போவுது. காதாலயா நடக்கப்போற?"

கிறிஸ்துமஸுக்கு மட்டும் கோயில் பக்கம் எட்டிப்பார்க்கிறவன் துரை. ஜெபத்தைக் கேலி செய்துகொண்டே காலை மடக்கினான், நீட்டினான். பிறகு உட்கார்ந்தான். பிறகு கூரைக் கம்பத்தைப் பிடித்து நின்றான். மேரியும் கூடைச் சுமையில் கழுத்து இற்றுப்போகும்போதெல்லாம் வழியில் அதையே சொல்லிக்கொண்டு நடந்தாள். அதைச் சொல்லச் சொல்ல, தனக்கு முன்னால் யாரோ நடந்து வழிவிலக்கிக்கொண்டு போவதாக அவளுக்குத் தோன்றும். அந்த தைரியத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

திருவிழாவுக்குச் சாமியார் வரப்போகிறார் என்றதும் உபதேசியாருக்குக் கைகால் ஓடவில்லை. எல்லாரையும் கோயிலில் கூட்டிவைத்துப் பாடப் பழக்கினார். ஆண்கள் வரிசை முடிந்து பெண்கள் வரிசை வந்தபோது அவர் காது விறைத்தது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க! மேரி, நீ இன்னாம்மா சொன்ன? தனியா சொல்லு."

மேரி பெருமையோடு எழுந்து நின்று சொன்னாள். கோயிலே குலுங்கிச் சிரித்தது. உபதேசியார் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, சரியான வார்த்தையையும் அர்த்தத்தையும் சொல்லிக்கொடுத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். லத்தீன் தெரிந்தவருக்கு ஹாஸ்யமும் தெரியும் என்று காட்ட வேண்டாமா?

"மாதா பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டு உடனே ஓரம் போன்னா, அவங்க இன்னாம்மா நெனப்பாங்க? ராயப்பர், சின்னப்பர், அர்ச்சிஷ்டவங்க எல்லாரையும் ஓரங்கட்டி நிக்க வெச்சிட்டியே!"

மறுபடியும் சிரிப்பு. மேரி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு அது ஹாஸ்யமாகப் படவில்லை. உதவிக்கு ஓடி வந்தவர்களையெல்லாம் தினமும் வாசலிலேயே நிறுத்தி விரட்டியிருக்கிறோம் என்று அவள் நெஞ்சு பதறியது. மாதாவின் சுரூபத்தை நிமிர்ந்து பார்க்க முடியாமல் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அன்று சாயங்காலம் எண்ணெய் தேய்த்தாள். காலை மடக்கினாள். வாயே திறக்கவில்லை. புதிதாகக் கற்ற சரியான வார்த்தை நாக்கில் வந்து நின்றது, ஆனால் அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. திட்டிவிட்டு உடனே போய் உதவி கேட்கிறவள் மாதிரி.

சத்தமில்லாத வீட்டில் துரைக்குத் தன் வலி மட்டுமே கேட்டது. இரண்டு தரம் அலறினான். "நாளைக்குப் பாத்துக்கலாம்மே" என்றான். நாளையும் அப்படியே போயிற்று. கம்பத்தைப் பிடித்து நின்றவன் பழையபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். இப்படியே விட்டால் கால் விறைத்துவிடும் என்று மேரிக்குத் தெரியும். தெரிந்தும் அவனை அதட்ட அவளிடம் தெம்பு இல்லை. கூடைகூட முன்னைவிடக் கனத்தது. பாதி வழியில் பனைமரத்தடியில் இறக்கி வைத்து, திரும்பத் தூக்க மனமில்லாமல் உட்கார்ந்திருப்பாள்.

புதுப்பட்டினத்தில் அவளிடம் வாடிக்கையாக மீன் வாங்குகிற ஹபீபா இதைக் கவனித்துவிட்டாள்.

"இன்னா மேரி, நீ வந்ததே தெரியலியே? முன்னெல்லாம் ஓரம் போ ஓரம் போன்னு முணுமுணுத்துகினு வருவ. பூனைங்ககூட ஒதுங்கி நிக்கும். இப்ப பாரு, கூடைக்குள்ளயே தலைய வுடுது."

மேரி அழாமல் கதையைச் சொன்னாள். ஹபீபா வஞ்சிர மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நான்கூட அரபிலதான் ஓதறேன். பாதிக்கு அர்த்தம் தெரியாது. மேல கீறவனுக்குத் தெரியும்னு ஓதிகினு கீறேன். உனக்கு மட்டும் இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?"

"நீங்க தெரியாதுன்னு தெரிஞ்சு ஓதறீங்க ஹபீபாம்மா. நான் தெரியும்னு நெனச்சுகினு வெரட்டி வுட்டேனே."

ஹபீபா பேரம் பேசாமல் மீனை வாங்கிக்கொண்டாள். அவள் பேரம் பேசாமல் மீன் வாங்கியதை அந்தத் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை.

மேரி வீடு திரும்பியபோது உச்சி வெயில். வாசலில் உபதேசியாரின் செருப்பு கிடந்தது. சனிக்கிழமை அவள் கோயிலுக்கு வராததைப் பார்த்து மனசு கேட்காமல் வந்திருக்கிறார். உள்ளே துரையின் குரல் கேட்டது. மேரி படலுக்கு வெளியே நின்றுவிட்டாள்.

"அவ கத்தினாதான் உபதேசியாரே எனக்குக் கால் மடங்குது. நீ இன்னாமோ சொல்லி அவ வாய அடைச்சுட்ட. இப்ப நீயே சொல்லு."

"நான் இன்னாத்த சொல்றது?"

"பேரைச் சொல்லுய்யா. அந்தப் பேரெல்லாம் எனக்கு வாயில நுழையாது. பதில் நான் சொல்லிக்கிறேன்."

உபதேசியார் தொண்டையைக் கனைத்தார். "சாங்க்தா மரியா" என்று சுத்தமான லத்தீனில் தொடங்கினார்.

"ஓரம் போ நோவே!" என்றான் துரை. கம்பம் கிறீச்சிட்டது. ஒரு முனகல்.

உபதேசியார் திருத்துவார் என்று மேரி எதிர்பார்த்தாள். அவர் திருத்தவில்லை. அது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். அடுத்த பெயரைச் சொன்னார். துரை பதில் சொன்னான். காலைத் தரையில் இழுக்கும் சத்தம் கேட்டது. இன்னொரு பெயர், இன்னொரு பதில், இன்னொரு இழுப்பு. வலியில் பாதி அழுகையாகவும் பாதி அதட்டலாகவும் அவன் சொல்லிக்கொண்டே வந்தான். அப்போஸ்தலர்கள் பெயர் முடிந்து, வேதத்துக்காக உயிரைவிட்ட வேதசாட்சிகள் பெயர் தொடங்கியபோது படல் திறந்தது.

வேர்வையில் குளித்து, கையில் துடுப்பை ஊன்றி, துரை நின்றுகொண்டிருந்தான்.

"நீ இன்னாத்துக்கு வழில நிக்கற? ஒத்துமே, வெளிய போவணும்."

மேரி அவனைப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் அசட்டுச் சிரிப்போடு நின்ற உபதேசியாரைப் பார்த்தாள்.

"மாதாவுக்குக் கோவம் இல்லியா உபதேசியாரே?" என்று கேட்டாள்.

"கோவமா? உன் உச்சரிப்பு ரொம்ப மோசம் மேரி, அதை நான் ஒத்துக்க முடியாது" என்றார் அவர். பிறகு துரையின் காலைக் காட்டினார். "ஆனா விலாசம் சரியாத்தான் போட்டிருக்க. போய்ச் சேந்திருச்சு."

துரை படியிறங்கினான். மேரி பிடிக்கப் போனாள். அவன் முறைத்தான். மணலில் துடுப்பை ஊன்றி, நின்று, திட்டி, மறுபடி ஊன்றி, வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் பக்கம் போனான். அவர்கள் எழுந்து நின்று கூச்சல் போட்டார்கள். உபதேசியாரும் பின்னாலேயே போனார். இந்தக் கதையை முதலில் தாம்தான் சொல்ல வேண்டும் என்று அவருக்கு அவசரம்.

மேரி உள்ளே வந்தாள். உலை வைக்க வேண்டும், கூடையைக் கழுவ வேண்டும். பாய் காலியாக இருந்தது. இத்தனை மாதமாக அது காலியாக இருந்து அவள் பார்த்ததே இல்லை. அதன் ஓரத்தில் உட்கார்ந்தாள். விபத்து நடந்த நாளிலிருந்து வராத அழுகை வந்தது. சந்தோஷமா, களைப்பா என்று பிரித்துப் பார்க்காமல் அழுதாள். அழுது முடித்ததும் பட்டப்பகலில் அப்படியே சாய்ந்து படுத்தாள். "மாதாவே" என்று ஆரம்பித்தாள். மீதியைச் சொல்வதற்குள் கண் சொருகிவிட்டது.

வெளியே துரை, "கத்தாதீங்கடா, அவ தூங்கறா!" என்று குப்பம் முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தான்.