தலையீத்துக்கு ஒரு காளை

கூச்செரா குடும்பத்தில் யாரும் ஏலத்தில் கை தூக்குவதில்லை. தொப்பி விளிம்பை ஒரு விரலால் தொடுவார்கள், அவ்வளவுதான். நெப்ராஸ்காவின் மணல்மேடுகளில் எந்தப் பண்ணையில் பொலிகாளை விற்றாலும், கூட்டத்தில் ஏலக்குறி பார்த்துக் குரல் கொடுக்கும் ஆட்களுக்கு இது அத்துப்படி.

மைலோ கூச்செராவுக்குக் காளை என்றால் அலமாரி மாதிரி இருக்க வேண்டும். போன முறை அப்படி ஒன்றைத்தான் வாங்கிவந்து கிடாரிகளோடு விட்டான். முதல்முறை ஈனும் கிடாரி, தலையீத்துக்கு அது தாங்குமா? ஒரு கிடாரிக்குக் கன்று பெருத்து இடுப்பில் மாட்டிக்கொண்டது. மைலோவும் அவன் மனைவி லவோனும் கன்றின் காலில் சங்கிலி கட்டி இழுத்தும் தாயும் போயிற்று, கன்றும் போயிற்று. இந்த வருஷம் காளைக்கு விட வேண்டியது செத்துப்போன கிடாரியின் தங்கை டம்ப்ளிங். தாய் சேர்க்காமல் விட்ட கன்று அது. லவோன் சமையலறையில் வைத்துப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள். அதையும் பறிகொடுக்க அவளால் முடியாது.

ஏலக் கொட்டகை மரப்பலகையில் உட்கார்ந்து, இலவசமாகக் கொடுத்த மாட்டிறைச்சி பன்னைத் தின்றுகொண்டே விற்பனைப் புத்தகத்தில் ஒரு காளையைச் சுட்டிக்காட்டினாள்.

"இத வாங்குவோம். பொறந்தப்ப எடை கம்மி. இதோட கன்னு சுலபமா பொறக்கும்னு புத்தகத்துல இதுக்குத்தான் நல்ல மார்க்கு."

மைலோ பக்கத்துப் பட்டிக்குள் நின்ற அந்தக் காளையை எட்டிப் பார்த்தான். ஒல்லித் தோள், குறுகின தலை.

"இது காளையா, நாய்க்குட்டியா? பக்கத்துப் பண்ணை டெல்பர்ட் பார்த்தான்னா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். சங்கிலி புடிச்சு இழுக்க அவனா வர்றான்?"

மைலோவின் கண் ஏல வளையத்துக்குள் முதலில் வந்த அலமாரி மேல் போய்விட்டது. லவோனுக்கு அந்தப் பார்வை தெரியும்.

"உள்ள புழுங்குது பாரு, வேர்த்து ஊத்துது," என்று அவன் தொப்பியைக் கழற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஏலம் சூடு பிடித்தது. மைலோவின் விரல் நெற்றிக்குப் போனது. மறுபடி போனது. மூன்றாம் முறையும் போனது. குரல் கொடுக்கும் ஆள் அவனை நேராகப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். அலமாரி டெல்பர்ட்டுக்குப் போனது.

"யோவ், நான் கேட்டேனே," என்றான் மைலோ.

"தலையச் சொறியிறீங்கன்னு நெனச்சேன்," என்றான் அந்த ஆள். "தொப்பி எங்க?"

தொப்பி அதற்குள் லவோன் தலையில் இருந்தது. காது வரை இறங்கியிருந்தது. ஒல்லிக்காளை வளையத்துக்குள் வந்ததும் விளிம்பை ஒரு விரலால் தொட்டாள். ஆள் உடனே குரல் கொடுத்தான். போட்டிக்கு வந்த ஒருவனும் சீக்கிரமே ஓய்ந்துவிட்டான்.

கோடை முழுக்க மைலோ அந்தக் காளையை "உன் நாய்க்குட்டி" என்றுதான் சொன்னான். லவோன் வெளியே சிரித்தாள். உள்ளுக்குள் பயம்தான். மார்க்கை நம்பி டம்ப்ளிங்கைப் பணயம் வைத்திருக்கிறோமே என்று குளிர்காலம் முழுக்க மனசு அடித்துக்கொண்டது.

மார்ச்சில் ஒரு பனிக்காலை. டம்ப்ளிங் ஈனுவதற்கு வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று மைலோ வந்து சொன்னான். சங்கிலியைக் கொதிநீரில் போட்டு எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் கொட்டகைக்கு ஓடினார்கள்.

உள்ளே டம்ப்ளிங் கன்றை நக்கிக்கொண்டிருந்தது. சின்னக் கன்று, ஈரக் காது, அதற்குள் எழுந்து நின்று மடியைத் தேடி முட்டியது. லவோன் வைக்கோலில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

அப்போது மைலோவின் கைப்பேசி அடித்தது. டெல்பர்ட். இவன் "ம்", "ம்" என்று கேட்டுக்கொண்டான்.

"அவன் கிடாரிக்கு அந்தப் பெரிய காளையோட கன்னு மாட்டிக்கிச்சாம். சங்கிலியோட வரச் சொல்றான். போயி இழுத்துட்டு வர்றேன்."

வாசல் வரை போனவன் திரும்பி வந்தான். தொப்பியைக் கழற்றி அவள் தலையில் வைத்து, காது வரை இறக்கிவிட்டான்.

"அடுத்த வாரம் ஏலம் இருக்கு," என்றான். "இத நீயே வச்சுக்க."